குருஷின்யானி: போலந்தின் எல்லையில் ஒரு பச்சைப் பள்ளிவாசல்

சில மாதங்களுக்கு முன்னர் ஒன்பதாம் தர வகுப்பில் ஐரோப்பிய வரைபடத்தை விரித்து வைத்துப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். போலந்து என்றதும் ஒரு மாணவன் எழுந்து, "சேர், அங்க முஸ்லிம்கள் இருக்காங்களா? இருந்தா எல்லாரும் இப்ப போனவங்கதானே?" என்று கேட்டான். இருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். எப்போதிருந்து என்பதை ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லை. அன்று தேடத் தொடங்கியதன் விளைவே இக்கட்டுரை.

குருஷின்யானி போலந்தின் வடகிழக்கு மூலையில், பொட்லாசியே மாகாணத்தில் உள்ள ஒரு சிற்றூர். பெரிய நகரமான பியாவிஸ்தோக்கிலிருந்து கிழக்கே சுமார் ஐம்பது கிலோமீற்றர். அங்கிருந்து சில கிலோமீற்றர் சென்றால் பெலாருஸ் எல்லை. வயல், காடு, வீதியின் இரு மருங்கிலும் மர வீடுகள். மொத்தச் சனத்தொகை இருநூறைத் தாண்டாது. அவர்களிலும் பெரும்பாலானோர் ஓர்தடொக்ஸ் கிறிஸ்தவர்கள். முஸ்லிம் குடும்பங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆனால் ஊரின் அடையாளமாக நிற்பது பள்ளிவாசல்தான்.

இவர்கள் தாத்தார் இனத்தவர். 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் லித்துவேனியாவின் ஆட்சியாளர் விதோல்ட் இவர்களின் முன்னோரைப் போர்வீரர்களாகத் தன் நாட்டில் குடியமர்த்தினார். மார்க்கத்தைக் கைவிடும்படி கேட்கவில்லை. குருஷின்யானிக்கு அவர்கள் வந்த கதை இன்னும் சுவையானது. 17ஆம் நூற்றாண்டில் போலந்து அரசு தாத்தார் படையினருக்குச் சம்பளப் பாக்கி வைத்தது. உரிமைகளும் குறைக்கப்பட்டன. 1672இல் ஒரு பகுதியினர் உஸ்மானியர் பக்கம் போய்விட்டார்கள். அவர்களை மீட்டெடுத்த மன்னர் மூன்றாம் யான் சோபியெஸ்கி, கஜானாவில் காசில்லாத நிலையில், 1679இல் சம்பளத்துக்குப் பதிலாகக் காணி கொடுத்தார். குருஷின்யானியும், சோகூல்கா நகருக்கு அண்மையிலுள்ள பொஹோனிகியும் அப்படிக் கிடைத்த ஊர்கள். குருஷின்யானியைப் பெற்றவர்களுள் முக்கியமானவர் சாமுவேல் முர்ஸா கிஷெசோவ்ஸ்கி என்ற தளபதி. மன்னரின் உயிரை அவர் போர்க்களத்தில் காப்பாற்றினார் என்றும், மன்னர் பின்னர் அவர் வீட்டுக்கே விருந்தாளியாக வந்தார் என்றும் ஊரில் ஒரு கதை வழங்குகிறது.

நம்மில் சிலருக்கு இங்கே ஒரு நெருடல் வரும். 1683இல் வியன்னாவில் உஸ்மானியப் படையை எதிர்த்துப் போரிட்ட சோபியெஸ்கியின் சேனையில் இந்தத் தாத்தார்களும் இருந்தார்கள். எதிர்த் தரப்பிலும் தாத்தார்கள் இருந்ததால், அடையாளத்துக்காகத் தலைக்கவசத்தில் வைக்கோல் செருகிக்கொண்டார்கள் என்று சொல்லப்படுகிறது. அதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை. குடியிருந்த நாட்டுக்குக் கொடுத்த வாக்கை அவர்கள் காப்பாற்றினார்கள் என்றே நான் வாசிக்கிறேன்.

மொழியை மட்டும் அவர்களால் காப்பாற்ற முடியவில்லை. சில தலைமுறைகளில் துருக்கிய மொழி மறைந்து, பெலாருஸ் மொழியும் போலிஷும் வீட்டு மொழிகளாகின. ஆனால் மார்க்க நூல்களை அந்த ஸ்லாவிய மொழிகளில், அரபு எழுத்தில் எழுதினார்கள். அரபில் இல்லாத ஒலிகளுக்குப் புதிய எழுத்துகளையும் அமைத்துக்கொண்டார்கள். குர்ஆனின் பொருளையும் இவ்வாறே வரிக்கு வரி எழுதிவைத்தார்கள். என் உம்மும்மாவின் அலுமாரியிலிருந்த அரபுத்தமிழ்க் கிதாபு நினைவுக்கு வந்தது. ஒருவரையொருவர் அறியாத இரு சமூகங்கள் ஒரே வழியைக் கண்டுபிடித்திருக்கின்றன.

பள்ளிவாசலின் படத்தை முதன்முதலில் பார்த்தபோது அது தேவாலயம் என்றே நினைத்தேன். முகப்பில் இரண்டு சதுரக் கோபுரங்கள், முழுவதும் மரப்பலகை, பச்சை வர்ணம். உச்சியிலுள்ள பிறைகளைக் கண்ட பிறகுதான் விளங்கியது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கட்டப்பட்டதாகக் கருதப்படும் இக்கட்டடம் 1846இல் திருத்தியமைக்கப்பட்டது. தேவாலயம் கட்டிப் பழகிய உள்ளூர்த் தச்சுமுறையில் எழுந்ததால் அந்தத் தோற்றம். உள்ளே போனால் சந்தேகமில்லை: தெற்குச் சுவரில் மிஹ்ராப், பக்கத்தில் மர மின்பர், தரையெங்கும் கம்பளம், சுவர்களில் சட்டமிட்ட குர்ஆன் வசனங்கள். பெண்களுக்குத் தனி வாசலும் தனி அறையும் உண்டு. இடைச்சுவரிலுள்ள நீண்ட திறப்பில் மெல்லிய திரை தொங்குகிறது.

அருகிலுள்ள மரங்களடர்ந்த மேட்டில் மையவாடி. அதை 'மிஸார்' என்கிறார்கள். பழைய கற்களில் 1699ஆம் ஆண்டுக்குரியதும் உண்டு. மேலே அரபில் ஷஹாதா, கீழே ரஷ்யன் அல்லது போலிஷ். எந்த மொழி என்பதைப் பார்த்தே அப்போது யார் ஆட்சி என்று சொல்லிவிடலாம். வரலாற்றுப் பாடத்துக்கு இதைவிட நல்ல கருவி ஏது?

இரண்டாம் உலகப் போருக்குப் பின் எல்லைகள் மாறியபோது தாத்தார்களின் பெரும்பாலான பள்ளிவாசல்கள் சோவியத் பக்கம் போய்விட்டன. போலந்தில் எஞ்சிய பழைய பள்ளிவாசல்கள் குருஷின்யானியிலும் பொஹோனிகியிலும் உள்ள இரண்டு மட்டுமே. இவற்றை மையவாடிகளுடன் சேர்த்து 2012இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அரசு அறிவித்தது. இரண்டு ஆண்டுகள் கூட ஆகவில்லை, 2014 ஜூனில் யாரோ குருஷின்யானிப் பள்ளிவாசல் சுவரில் பன்றியின் படத்தை வரைந்தார்கள். கப்ருக் கற்களிலும் வர்ணம் பூசினார்கள். முந்நூறு ஆண்டுக்கு மேல் அந்த மண்ணில் வாழ்ந்தவர்களும் அந்நியராகிவிட அவ்வளவு நேரம்தான்.

2021இல் பெலாருஸ் வழியாக வந்த அகதிகள் எல்லைக் காடுகளில் குளிரில் சிக்கி இறந்தபோது, அவர்களில் சிலரின் ஜனாஸாக்களைப் பொறுப்பேற்றது பொஹோனிகி ஜமாஅத். அந்த நவம்பரில் சிரியாவைச் சேர்ந்த ஓர் இளைஞர் அங்கு நல்லடக்கம் செய்யப்பட்டார். குடும்பத்தவர் எவராலும் வர முடியவில்லை, ஊர்க்காரர்களே தொழுவித்தார்கள். அதே ஆண்டின் தொடக்கம் வரை நம் நாட்டில் கொரோனா ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டதை மறக்காத நமக்கு அந்தக் காட்சி என்ன சொல்லும் என்று நான் விளக்கத் தேவையில்லை.

இன்று குருஷின்யானிக்குச் சுற்றுலாப் பயணிகள் நிறைய வருகிறார்கள். மெல்லிய மாவுத் தாள்களுக்கிடையே இறைச்சி வைத்துச் சுருட்டிச் சுடும் 'பியெரெகாச்செவ்னிக்' என்ற தாத்தார் பண்டம் அவர்களுக்குப் பிரசித்தம். பெருநாள் என்றால் நிலைமை வேறு. பியாவிஸ்தோக்கிலும் தூர நகரங்களிலும் குடியேறிய குடும்பங்கள் பிள்ளைகளோடு ஊருக்குத் திரும்புகின்றன. சிறிய பள்ளிவாசல் நிரம்புகிறது. தொழுகை முடிந்ததும் அனைவரும் மரங்களுக்கிடையே நடந்து மையவாடிக்குப் போய், தம் மூத்தோரின் கப்ருகளருகே நின்று துஆ செய்கிறார்கள்.