வெடி தாக்கிய கண்ணும் புரை மூடிய கண்ணும்

சிவகாசிப் பக்கம் பட்டாசு ஆலையின் மணிமருந்து அறையில் தீப்பொறி தெறித்து ஒருவர் கண்ணைப் பொத்தினால், போர்மேன் முதல் பக்கத்து அறைப் பெண்கள் வரை ஓடிவருகிறார்கள். 108-க்கு அழைப்பு போகிறது. அதே வட்டாரத்து முதியோர் இல்லத்தில் ஒரு பாட்டி டம்ளருக்குள் ஊற்றுவதாக எண்ணி அதன் பக்கத்தில் தண்ணீரை ஊற்றுகிறார். "வயசானா அப்படித்தான்" என்று தரையைத் துடைத்துவிட்டு நகர்கிறார்கள். முன்னது விபத்து என்பதால் விரைவு கிடைக்கிறது. பின்னது முதுமை என்பதால் கிடைப்பதில்லை.

மருத்துவமும் இந்தப் பிரிவினையை ஓரளவு ஏற்கிறது. ரசாயனம் பட்ட கண்ணை அந்த நிமிடமே நல்ல தண்ணீரில் கழுவியாக வேண்டும். முதுமையில் வரும் கண்புரையோ சில மாதங்கள் பொறுக்கும்.

ஆனால் சற்றுத் தொடர்ந்து பார்த்தால் இரண்டும் இடம் மாறிக்கொள்கின்றன! வெடி அதிர்ச்சியில் அடிபட்ட கண் ஆறிவிட்டதுபோல் இருக்கும். உள்ளே நீர் வடியும் பாதை சிதைந்திருந்தால், பல ஆண்டுகள் கழித்துக்கூட அழுத்தம் ஏறி, வலியே இல்லாமல் பார்வை நரம்பை அரிக்கலாம். கவனிக்காமல் விட்ட புரையோ முற்றிக் கசிந்து, கண் சிவந்து, தலையைப் பிளக்கும் வலியோடு அவசர நோயாகிவிடலாம். இளமையில் பட்டாசு ஆலையில் உழைத்த ஒருவர் முதுமையில் இல்லத்துக்கு வரும்போது இவ்விரண்டும் ஒரே முகத்தில் சந்திக்கலாம். இதை நாம் நினைத்துப் பார்ப்பதே இல்லை.

மௌனத்திலும் இவ்விரு கண்களும் உறவு. அனுமதியில்லாத இடத்தில் வேலை செய்து அடிபட்டவர் வழக்குக்கு அஞ்சிக் காயத்தை மறைக்கலாம். இல்லத்து முதியவர் பிறருக்குப் பாரமாவோமோ என்று மங்கலை மறைக்கலாம்.

இப்படி ஒதுங்கியிருப்போரைத் தேடிப் போன மருத்துவமும் உண்டு. மதுரையில் 1976-இல் 11 படுக்கைகளோடு டாக்டர் ஜி. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, ஊர் ஊராக முகாம் நடத்தி, நோயாளியைப் பேருந்தில் அழைத்துப்போய், அறுவை முடித்துத் திரும்பக் கொண்டுவிட்டது. அருமையான ஏற்பாடு. ஆயினும் முகாம் வரை கைபிடித்து அழைத்துவர ஓர் ஆள் தேவை. 2007-ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் சட்டம் அரசு மருத்துவமனைகளில் முதியோருக்குத் தனி வரிசை வேண்டும் என்கிறது. அந்த வரிசையும் மருத்துவமனைக்குள்தான் தொடங்குகிறது.

ஆலைத் தொழிலாளிக்குச் சக தொழிலாளி இருக்கிறார். இல்லத்து முதியவருக்கு அந்த இடத்தில் இருக்க வேண்டியவர் இல்லப் பொறுப்பாளர். சேரும் நாளிலேயே ஒவ்வொரு கண்ணாக மூடி விரல்களை எண்ணச் சொல்லுங்கள். பழைய வெடிக்காயம் உண்டா என்று கேட்டுப் பதிவேட்டில் எழுதுங்கள். ஆண்டுக்கொரு முறை கண் மருத்துவரிடம் காட்டுங்கள். சிவந்து வலிக்கும் கண்ணை மட்டும் மறுநாளுக்கு ஒத்திப்போடாதீர்கள்.