ஷாஃப்டை கழற்றி மாட்டினதும் ஜிப்சி உதறுதா? காரணம் இதுதான்!

1985-ல் அறிமுகமான மாருதி ஜிப்சி 4 வீல் டிரைவ் வண்டி. இதில் 3 புரொப்பல்லர் ஷாஃப்ட்கள் உண்டு. ஒன்று கியர்பாக்ஸில் இருந்து டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு. மற்றவை அங்கிருந்து முன், பின் ஆக்சில்களுக்கு.

ஏன் உதறுது?

ஷாஃப்ட் முனையில் உள்ள கிராஸ் சாய்வாகச் சுழலும்போது, ஒரே சுற்றில் வேகம் 2 முறை கூடிக் குறையும். மறுமுனை கிராஸ் அதைச் சரிக்கட்டும். அதற்கு இரு முனை யோக்குகளும் ஒரே வாக்கில் இருக்கணும். ஸ்லிப் ஜாயிண்ட்டில் ஒரு பல் தள்ளி மாட்டினாலும் கணக்கு தப்பிடும்.

என்ன செய்யணும்?

* முதலில் டயருக்குக் கட்டை வைங்க. பின் ஷாஃப்ட் கழன்றதும், 2 வீல் டிரைவில் கியர் போட்டிருந்தாலும் வண்டி உருளும்.
* கழற்றும் முன் ஸ்லிப் ஜாயிண்ட்டிலும் ஃபிளாஞ்சிலும் பெயிண்ட் கோடு போடுங்க.
* கோடுகளைச் சேர்த்து மாட்டி, போல்ட்டை டார்க் ரெஞ்சால் இறுக்குங்க.