கரும்பொன்னும் கதிர்நெல்லும்

1956-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் முதல் நாள். தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் திருவிதாங்கூர்-கொச்சியினின்றும் பிரிந்து தாய்த் தமிழகத்தோடு இணைந்தன. 1954-இல் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானோரின் குருதி காயுமுன் கிடைத்த வெற்றி அது. பதின்மூன்றே நாள் கழித்து, நவம்பர் 14-இல், நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிக் கழகம் பதிவாயிற்று. தமிழகத்தின் தென்னெல்லை உறுதிப்பட்ட அதே திங்களில், தமிழகத்தின் அடிமண்ணில் கிடந்த செல்வத்துக்கு ஒரு நிறுவனம் பிறந்தது.

வடசேரியில் அமர்ந்து இதை எழுதுகிறேன். இங்கே பொற்கொல்லர் தெருக்களில், கோயிற் சிலைகளுக்கும் ஆடல் மகளிர்க்கும் கெம்புக்கல் பதித்த நகை செய்வோர் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றனர். கரியை மூட்டிப் பொன்னை உருக்குவது அவர்தம் தொழில். கரியையே பொன்னாக்கிய ஊர் நெய்வேலி. அந்தப் பொன் எவர் கழுத்துக்குப் போயிற்று, எவர் கழுத்தை நெரித்தது என்று கேட்பதற்கே இக்கட்டுரை.

தோழர்களே! நெய்வேலியின் கதையை எப்படிச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்? 1930-களின் நடுவில் நிலக்கிழார் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் நீருக்காகத் துளையிட்டார். நீரோடு கருநிறத் துகள் பொங்கி வந்தது. அதிசயம் நிகழ்ந்தது என்று. அதிசயம் என்ற சொல் வந்த இடத்தில் ஆராய்ச்சி விடைபெற்றுக் கொள்கிறது! உண்மையில் 1880-களிலேயே, பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுவையை அடுத்த பாகூர்ப் பக்கம் ஊற்றுக்கிணறு தோண்டியபோது பழுப்பு நிலக்கரி தென்பட்டுவிட்டது. ஐம்பது ஆண்டுகள் அந்தச் செய்தி ஏட்டில் உறங்கிற்று. முதலியாரின் பெருமை கருந்துகளைக் கண்டதில் இல்லை. கண்டோர் பலர். இது என்ன என்று கேட்டு, அரசின் காதில் விழும்வரை விடாது கேட்டுக் கொண்டேயிருந்தாரே, அதிலே இருக்கிறது.

அரசின் காதைத் திறந்தது போர். தென்னாட்டில் சிங்கரேணியை விட்டால் நிலக்கரி ஏது? வங்கத்து ராணிகஞ்சிலிருந்தும் பீகாரத்து ஜாரியாவிலிருந்தும் ஆயிரம் கல்லுக்கு மேல் கரி பயணம் செய்தாக வேண்டும். இரண்டாம் உலகப் போரில் இரயில் பெட்டிகள் படைக்குப் போயின. சென்னையின் ஆலைகள் கரிக்கு ஏங்கின. அப்போதுதான், 1943-க்குப் பின், நில ஆய்வுத் துறையினர் நெய்வேலிப் பக்கம் துளையிட்டுப் பார்க்கத் தொடங்கினர். கரி இருந்தது. ஒன்றிரண்டு வண்டியன்று, கோடிக்கணக்கான டன்!

இருந்தும் எடுக்க முடியவில்லை. காரணம் தண்ணீர். பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியில் பேரழுத்தத்தோடு அடைபட்டு நிற்கிறது நிலத்தடி நீர். மேல்மண்ணை அகற்றிப் பாரத்தைக் குறைத்தால், கீழிருந்து அந்நீர் குழியின் தரையையே பிளந்துகொண்டு எழும். வல்லுநர் பலர் உதட்டைப் பிதுக்கினர். சோதனைக் குழி ஒன்றை வெட்டி, சுற்றிலும் கிணறுகள் இறக்கி, இரவும் பகலும் இறைத்து, நீரின் அழுத்தத்தைத் தாழ்த்திக் காட்டிய பிறகே வழி பிறந்தது. இன்றும் அந்த இறைப்பு ஓயவில்லை. வருண பகவானுக்கு யாகம் செய்து வந்த நாட்டில், தண்ணீரை அடக்கியது மின்விசைப் பம்பு!

அடுத்த தடை, பாறை. கரியின்மேல் கிடப்பது கடலூர் மணற்பாறை. செருமானிய நாட்டிலிருந்து வாளிச் சக்கர அகழ்பொறிகள் வந்தன. சக்கரத்தின் விளிம்பெல்லாம் வாளிகள். சுழலச் சுழல வாளி மண்ணை வாரும். வாரிய மண்ணை ஓடும் பட்டை சுமந்து செல்லும். அந்த நாட்டின் மென்மையான மண்ணுக்கென உருவான பொறியின் பற்கள் தமிழகத்துப் பாறையில் தேய்ந்து போயின. வெடிவைத்துப் பாறையைத் தளர்த்திய பின்னரே பொறிகள் வேலை செய்தன. 1957 மே 20-இல் நேரு சுரங்கத்தைத் தொடங்கி வைத்தார். கரியின் முகம் தெரிந்ததோ 1961 ஆகஸ்டில். நான்காண்டுகள் மண்ணை மட்டுமே தோண்டினர்!

சுரங்கத்தின் வாயிலிலேயே மின் நிலையம் ஏன்? இந்தக் கரியின் எடையில் ஏறத்தாழப் பாதி ஈரம். இதை இரயிலேற்றி நெடுந்தொலைவு அனுப்புவது, தண்ணீருக்கு வண்டிச் சத்தம் கொடுப்பதற்கு ஒப்பாகும். ஆகவே தோண்டிய இடத்திலேயே எரித்து, கம்பி வழியே ஆற்றலை அனுப்பினர். சோவியத்து நாட்டின் துணையோடு எழுந்த அனல் மின் நிலையத்தின் முதல் பிரிவு 1962-இல் ஓடியது. 1970-இல் 600 மெகாவாட் நிறைவுற்றது. செருமானியப் பொறி தோண்ட, சோவியத்துப் பொறி எரிக்க, உலகை இரண்டாகப் பிளந்து நின்ற முகாம்கள் தென்னார்க்காட்டுக் குழியொன்றில் கைகோத்தன.

யூரியா ஆலையும், கரியை வாட்டிக் கட்டியாக்கும் ஆலையும் உடன் எழுந்தன. 2000-களின் தொடக்கத்தில் இரண்டும் மூடப்பட்டன. கழகத்தின் பங்குகளை விற்க 2006-இல் மைய அரசு முனைந்தபோது தமிழகம் சினந்தெழுந்து தடுத்தது. 2013-இல் மீண்டும் விற்பனைப் பேச்சு வந்தபோது தமிழ்நாட்டு அரசின் நிறுவனங்களே அப்பங்குகளை வாங்கின. இவையெல்லாம் மேடையில் முழங்கக் கேட்டவை. நெய்வேலி நமது என்று முழங்குவது எளிது. முழங்கும் நமக்கு, நெய்வேலிக்காக ஊரை விட்டவன் நம்மவன்தானா என்று எண்ணிப் பார்க்க நேரம் இருந்ததில்லை.

ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைகள் சுழல்கின்றனவே, நாஞ்சில் நாட்டானுக்கு நெய்வேலியால் என்ன என்று இளைஞர் சிலர் கேட்கின்றனர். தென்மேற்குப் பருவக்காற்று ஓய்ந்த திங்களில் அந்த இறக்கைகளைப் போய்ப் பாருங்கள்! காற்று அடங்கிய இரவிலும் வடசேரிச் சந்தையில் விளக்கு எரிவதற்குக் கரியும் ஒரு காரணம். கடனாளி கணக்கு வேண்டாம் என்று சொல்லலாகாது.

கணக்கின் முதல் வரி, நிலம். 1950-களில் சிற்றூர்கள் பல எடுக்கப்பட்டன. வெள்ளையன் 1894-இல் இயற்றிய நிலம் எடுக்கும் சட்டம் விடுதலைக்குப் பின்னும் வாழ்ந்தது. 2013-இல், உரிய இழப்பீடும் மறுவாழ்வும் வேண்டும் என்று நாடாளுமன்றம் புதுச் சட்டம் கண்டது. அப்போது நம் மாநிலம் செய்தது என்ன? தன் 1997-ஆம் ஆண்டுத் தொழில் நில எடுப்புச் சட்டம் உள்ளிட்ட மூன்று சட்டங்களைப் புதுச் சட்டத்தின் பிடியிலிருந்து விலக்கிக் கொண்டது. 2019-இல் உயர்நீதிமன்றம் அதைச் செல்லாதென்றது. உடனே அதே ஆண்டில் சட்டமன்றம் மீட்புச் சட்டம் இயற்றியது. 2021-இல் உச்சநீதிமன்றம் அதை ஏற்றது. 1997-இல் ஒரு கட்சி, 2019-இல் மற்றொரு கட்சி. எல்லாவற்றிலும் மோதிக் கொள்வோர் உழவன் நிலத்தை எடுப்பதில் மட்டும் ஒத்துப்போயினர். வடக்கைக் குறைகூறப் பழகிய நாவு இதையும் சொல்லக் கூச வேண்டாம்.

இரண்டாம் வரி, உழைப்பு. நிரந்தரத் தொழிலாளியின் பக்கத்தில் நின்று, அதே வெப்பத்தில் அதே வேலையைக் குறைந்த கூலிக்குச் செய்கிறான் ஒப்பந்தத் தொழிலாளி. 2014 மார்ச்சில் அத்தகைய தொழிலாளி ஒருவர் மையத் தொழிற்பாதுகாப்புப் படையினர் ஒருவரின் துப்பாக்கிக்கு இரையானார். 2020 மே, ஜூலைத் திங்கள்களில் இரண்டாம் அனல் மின் நிலையத்தின் கொதிகலன்களில் நேர்ந்த விபத்துகளில் மாண்டவருள்ளும் ஒப்பந்தத் தொழிலாளர் பலர். அதே ஆண்டு செப்டம்பர் இறுதியில், 1962-இல் ஓடத் தொடங்கிய முதல் நிலையம் நிறுத்தப்பட்டது. பழைய பொறிக்கு ஓய்வு கிடைத்துவிட்டது.

நாஞ்சில் என்றால் கலப்பை. கலப்பையைப் பெயராகக் கொண்ட நாட்டில் பிறந்தவனால் 2023 ஜூலையைக் கடந்து போக முடியவில்லை. இரண்டாம் சுரங்கத்துக்காகப் பரவனாற்றைத் திருப்பிவிடும் கால்வாய்க்கென, சேத்தியாத்தோப்பை அடுத்த வளையமாதேவியில் மண்வெட்டும் பொறிகள் வயலில் இறங்கின. வயலில் நெல் நின்றது. நிலம் முன்பே எடுக்கப்பட்டுவிட்டது, பணமும் கொடுத்தாயிற்று என்றது நிறுவனம். எடுத்த நிலத்தை ஆண்டுக் கணக்கில் கைப்பற்றாமல் விட்டால் உழவன் உழாமல் என்ன செய்வான்? தரிசாய்க் கிடக்கும் மண்ணைப் பார்த்துக் கொண்டு வரப்பில் உட்கார்ந்திருக்க அவனுக்குத் தெரியாது. கதிர் வரும் வரையேனும் பொறுத்தால் கரி கரைந்தா போயிருக்கும்? பல கோடி ஆண்டு மண்ணுக்குள் காத்துக் கிடந்த கரி அது!

வழக்கு உயர்நீதிமன்றம் சென்றது. பயிர் அழிந்ததைக் கண்டு நீதிபதி வேதனையை வெளியிட்டார். அழிந்த பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் இழப்பீடு தரச் சொன்னார். எஞ்சி நிற்கும் பயிரை அறுத்துக் கொண்டு, செப்டம்பர் நடுவுக்குள் நிலத்தை ஒப்படைத்துவிட வேண்டும் என்று உழவருக்கும் சொல்லப்பட்டது.