டச்சுக்காரன் கோகோவும் ஒரு கைப்பிடி சாம்பலும்

கடையில ரெண்டு கோகோ பவுடர் டப்பா பக்கத்துப் பக்கத்துல இருக்கு. ரெண்டுலயும் சர்க்கரை கிடையாது, ரெண்டும் சுத்தமான கோகோதான். ஆனா திறந்து பார்த்தா ஒண்ணு செம்மண் கலர், இன்னொண்ணு கரிசல் மண் கலர். "எல்லாம் கோகோதானே, எதைப் போட்டா என்ன?"ன்னு கேக்குறவங்களுக்காகத்தான் இந்தப் பதிவு. பதில் தெரியணும்னா ஒரு இருநூறு வருஷம் பின்னாடி போகணும். நடுவுல ஒரு அப்பா-பையன் குழப்பம், ஒரு விளம்பரச் சண்டை, கொஞ்சம் அடுப்புச் சாம்பல் எல்லாம் வரும். பொறுமையா வாங்க :-)

புண்ணாக்குல பிறந்த பவுடர்

கோகோ விதையோட எடைல ஏறக்குறைய பாதி கொழுப்பு. அதை வறுத்து அரைச்சா மாவு வராது, கூழ்தான் வரும். ஐரோப்பாக்காரங்க ரெண்டு நூற்றாண்டுக்கு மேல இந்தக் கூழைத்தான் சுடுதண்ணில கரைச்சுக் குடிச்சுக்கிட்டு இருந்தாங்க. கரைச்சு வச்ச கொஞ்ச நேரத்துல எண்ணெய் மேல வந்து மிதக்கும். அந்த எண்ணெயை உறிஞ்சிக்கறதுக்காக அரோரூட் மாவு, சவ்வரிசி மாவு, உருளைக்கிழங்கு மாவுன்னு எதையாவது சேர்ப்பாங்க. அதைச் சாக்கா வச்சு வியாபாரிங்க செங்கல் தூள் வரைக்கும் சேர்த்தது தனிக் கதை.

ஆம்ஸ்டர்டாம்ல காஸ்பரஸ் வான் ஹவுட்டன்னு ஒருத்தர் 1815ல சாக்லேட் ஆலை ஆரம்பிச்சார். 1828ல கோகோக் கூழை அழுத்திக் கொழுப்பைப் பிழிஞ்செடுக்குற முறைக்குக் காப்புரிமை வாங்கினார். பாதிக்கு மேல இருந்த கொழுப்பு கால்வாசிக்குக் கொஞ்சம் மேலங்கிற அளவுக்குக் குறைஞ்சது. பிழிஞ்சது போக மிச்சம் நின்ன கட்டியைப் பொடிச்சா அதுதான் கோகோ பவுடர். நம்ம ஊர் பாஷைல சொன்னா, செக்குல எண்ணெய் எடுத்த பிறகு கிடைக்கிற புண்ணாக்கு. பிழிஞ்செடுத்த கொழுப்பும் வீணாகலை. 1847ல பிரிஸ்டல் ஊர் ஃப்ரை கம்பெனி அந்தக் கொழுப்பையே திரும்பக் கோகோவுல கலந்து அச்சுல ஊத்தினாங்க. கடிச்சுச் சாப்பிடுற சாக்லேட் பார் அப்படித்தான் வந்துச்சு.

இங்கதான் அப்பா-பையன் குழப்பம். நிறையப் புத்தகங்கள்ல பிழியுற இயந்திரத்தைக் கண்டுபிடிச்சவர் பையன் கூன்ராட் வான் ஹவுட்டன்னு போட்டிருக்கும். அந்தக் காப்புரிமை அப்பா வாங்கினது. பையன் பேரோட சேர்த்துச் சொல்லப்படுறது இன்னொரு வேலை, கோகோவுல காரம் சேர்க்கிறது. மிளகாய்க் காரம் இல்லீங்க, வேதியியல் பாடத்துல அமிலம்-காரம்னு படிச்சோமே அந்தக் காரம். அப்பளத்துக்குப் போடுற அப்பளக்காரத்துலயும் அந்தச் சொல்தான் இருக்கு.

கோகோ விதையைப் பழத்துலேர்ந்து எடுத்ததும் சில நாள் புளிக்க வைப்பாங்க. அப்ப உண்டாகுற அசிட்டிக் அமிலத்துல கொஞ்சம் கடைசி வரைக்கும் விதைல தங்கிடும். அதனால சாதாரண கோகோ பவுடரோட பி.ஹெச் அளவு 5.3லேர்ந்து 5.8 வரைக்கும் இருக்கும், அதாவது லேசான புளிப்பு. கூன்ராட் பொட்டாசியம் கார்பனேட் மாதிரியான உப்பைச் சேர்த்து அந்த அமிலத்தை முறிச்சார். பி.ஹெச் ஏறக்குறைய 7க்கோ அதுக்கு மேலயோ வந்துடும். புளிப்பும் கசப்பும் குறையும், நிறம் கருக்கும், தண்ணில கட்டி தட்டாம நல்லாக் கலக்கும். டச்சுக்காரங்க செஞ்சதால இதுக்கு டச்சு பிராசஸ்னு பேர் நின்னுடுச்சு.

ஒண்ணு கவனிங்க. இது முழுக்கக் கோப்பைல குடிக்கிறவங்களுக்காகச் செஞ்ச வேலை. கேக் செய்றவங்களை யாரும் மனசுல வைக்கலை. நம்ம மென்பொருள் பாஷைல சொன்னா, ஒரு மாடியூல்ல செஞ்ச மாற்றம் யாருமே எதிர்பார்க்காத இன்னொரு மாடியூல்ல போய் உடைச்ச கதை.

"சுத்தம்"னா என்ன?

இங்கிலாந்துல கேட்பரி சகோதரர்கள் 1861ல அப்பாகிட்டேர்ந்து கம்பெனியை வாங்கினப்போ வியாபாரம் படுத்துக் கிடந்தது. மாவு கலந்த கோகோதான் அவங்களும் வித்துக்கிட்டு இருந்தாங்க. ஜார்ஜ் கேட்பரி ஹாலந்துக்குப் போய் வான் ஹவுட்டன்களோட பிழியுற இயந்திரத்தை வாங்கிட்டு வந்தார். 1866ல மாவு சேர்க்காத "கோகோ எசென்ஸ்" கடைக்கு வந்தது. "கலப்படம் இல்லாதது, அதனால சிறந்தது"ங்கிறதுதான் விளம்பரத்தோட சாரம். உணவுக் கலப்படத்தைப் பத்தி ஊரே பேசிக்கிட்டு இருந்த காலம். 1872லயும் 1875லயும் கலப்படத்துக்கு எதிரா சட்டங்கள் வந்தன. சரக்கும் விளம்பரமும் நேரம் பார்த்து வந்த மாதிரி அமைஞ்சது.

அப்புறம் வான் ஹவுட்டன் கோகோ இங்கிலாந்துச் சந்தைல நல்லா ஓட ஆரம்பிச்சது. உள்ளூர்க் கம்பெனிகள் "நாங்க சுத்தம், அவங்க ரசாயனம் கலக்குறாங்க"ங்கிற பாட்டையே பாடினாங்க. ஆனா ஜனங்களோட நாக்கு கேக்கலை. புளிப்பில்லாம, கருப்பா, லேசுல கரையுற கோகோ பழகிப் போச்சு. கடைசில 1906ல கேட்பரியே காரம் சேர்த்த கோகோவை போர்ன்வில்ங்கிற பேர்ல இறக்கினாங்க. சுத்தம் சுத்தம்னு நாப்பது வருஷம் பேசின கம்பெனி, எதிராளியோட செய்முறைக்கே வந்து சேர்ந்துச்சு. ரெண்டு பக்கமும் முழுப் பொய் சொல்லலை. மாவு கலக்குறது கலப்படம். காரம் சேர்க்கிறது ஒரு பதப்படுத்தல். அது ரெண்டையும் ஒரே தராசுல வச்சதுதான் விளம்பரம் செஞ்ச வேலை.

அமெரிக்கச் சாம்பல்

இப்ப அட்லாண்டிக்கைத் தாண்டுவோம். அமெரிக்காவுல காட்டை அழிச்சு நிலமாக்கினப்போ மலை மலையா மரச்சாம்பல் மிஞ்சிச்சு. சாம்பலைத் தண்ணில ஊற வச்சு வடிச்சுக் காய்ச்சினா பொட்டாஷ் கிடைக்கும். அதைச் சூளைல போட்டுச் சுத்தம் பண்ணினா முத்துச் சாம்பல்னு அவங்க பேர் வச்ச வெள்ளை உப்பு. அமெரிக்க அரசாங்கம் 1790ல கொடுத்த முதல் காப்புரிமையே சாமுவேல் ஹாப்கின்ஸ்னு ஒருத்தர் இந்தச் சாம்பல் உப்பை நல்லபடியா எடுக்கச் சொன்ன முறைக்குத்தான். 1796ல அமேலியா சிம்மன்ஸ் எழுதின சமையல் புத்தகத்துல மாவை உப்ப வைக்க இந்த உப்பைத்தான் போடச் சொல்றார்.

அந்த உப்போட வேதிப் பேர் என்ன தெரியுமா? பொட்டாசியம் கார்பனேட். கூன்ராட் கோகோவுல போட்டாரே, அதே சமாச்சாரம்! ஐரோப்பாவுல கோகோவைப் பதப்படுத்தின காரம், அமெரிக்காவுல நேரா கேக் மாவுக்குள்ள போயிடுச்சு.

1846ல நியூயார்க்ல சர்ச்சும் ட்வைட்டும் சேர்ந்து சோடா உப்பு வியாபாரம் ஆரம்பிச்சாங்க. முத்துச் சாம்பல் இருந்த இடத்தை நம்ம ஆப்பசோடா பிடிச்சது. அதுவும் காரம்தான். அது பொங்கணும்னா பக்கத்துல அமிலம் வேணும். பண்ணை வீடுகள்ல புளிச்ச பாலும் மோரும் தாராளம், வெல்லப்பாகும் லேசான அமிலம். அதனால அமெரிக்கக் கேக்குன்னா சோடா உப்பும் புளிப்பும் ஜோடியா வரும். ஹெர்ஷி 1894ல கோகோ விக்க ஆரம்பிச்சு நாடு முழுக்கப் பரவினது காரம் சேர்க்காத, புளிப்புள்ள சாதா கோகோ. அந்த ஜோடில அது கச்சிதமா உக்காந்துடுச்சு.

இன்னொரு வேடிக்கை. 1900களோட தொடக்கத்துல "டெவில்ஸ் ஃபுட்"னு ஒரு கேக் பிரபலமாச்சு. அதுல சோடா உப்பைத் தேவைக்கு மேல கொஞ்சம் தாராளமாவே போடுவாங்க. அந்த அதிகப்படி காரம் கோகோவைக் கருஞ்சிவப்பாக்கிடும். யோசிச்சுப் பாருங்க, ஆலைல கூன்ராட் செஞ்சதை அந்த அம்மாக்கள் அடுப்புக்குள்ளயே செஞ்சு முடிச்சுட்டாங்க.

ஐரோப்பா வேற பாதைல போச்சு. ஜெர்மனில பீலஃபெல்ட் ஊர் மருந்துக்கடைக்காரர் ஆகஸ்ட் ஓட்கர் 1890கள்ல பேக்கிங் பவுடரை அளந்து பொட்டலம் கட்டி வித்தார். பேக்கிங் பவுடர்ல சோடா உப்போட அமிலமும் கூடவே இருக்கும். வெளிலேர்ந்து புளிப்பு தேவையில்லை. அதனால டச்சு கோகோவோட அது சண்டையில்லாம ஓடிடும்.

ஆக, அமெரிக்க ரெசிபில "கோகோ"ன்னா ஒண்ணு, ஐரோப்பிய ரெசிபில "கோகோ"ன்னா இன்னொண்ணு. எழுதினவங்க ரெண்டு பேருமே எந்தக் கோகோன்னு சொல்லலை. அவங்க ஊர்ல ஒண்ணுதானே கிடைச்சது, சொல்லணும்னு தோணவே தோணாது. ஆவணப்படுத்தாத டிபென்டென்சினு நாம தலைல அடிச்சுக்குவோமே, அதேதான்.

சரி, மாத்திப் போடலாமா?

வரலாறு புரிஞ்சா விதி தானா வந்துடும், மனப்பாடம் பண்ண வேண்டாம்.

1. ரெசிபில சோடா உப்பு மட்டும் இருக்கு, மோர், தயிர், வினிகர் எதுவும் இல்லைன்னா, அது சாதா கோகோவோட புளிப்பை நம்பி எழுதினது. அங்க டச்சு கோகோவைப் போட்டா சோடா உப்பு முறியாம நின்னு கேக் சரியா எழும்பாது, சோப்பு வாசனையும் அடிக்கும். வேற வழி இல்லைன்னா 3 டேபிள்ஸ்பூன் டச்சு கோகோவுக்கு 1/8 டீஸ்பூன் கிரீம் ஆஃப் டார்டர் அல்லது எலுமிச்சைச் சாறு சேர்த்துக்கங்க.

2. ரெசிபில பேக்கிங் பவுடர் இருந்தா டச்சு கோகோ நிம்மதியா ஓடும். சாதா கோகோ போட்டாலும் கேக் பெரும்பாலும் எழும்பிடும், கொஞ்சம் புளிப்பும் வெளிறின நிறமும் இருக்கும். அது பிடிக்கலைன்னா 3 டேபிள்ஸ்பூனுக்கு 1/8 டீஸ்பூன் சோடா உப்பு சேர்த்தா போதும்.

3. மோரோ தயிரோ தாராளமா இருக்கிற ரெசிபின்னா சோடா உப்புக்குத் தேவையான அமிலம் ஏற்கனவே இருக்கு. கோகோ எதுன்னு பெருசா அலட்டிக்க வேண்டாம்.

4. எதுவுமே உப்ப வேண்டாத ஐசிங், சாஸ், குடிக்கிற கோகோ இதுக்கெல்லாம் எது வேணா போடலாம். நாக்கு சொல்றதுதான் சட்டம்.

5. சர்க்கரை சேர்க்காத சமையல் சாக்லேட் 28 கிராமுக்குப் பதிலா 3 டேபிள்ஸ்பூன் கோகோவும் 1 டேபிள்ஸ்பூன் வெண்ணெயும். வான் ஹவுட்டன் பிழிஞ்செடுத்த கொழுப்பை நாம திருப்பிக் கொடுக்கிறோம், அவ்வளவுதான்.

6. டிரிங்கிங் சாக்லேட் இந்த ஆட்டத்துலயே கிடையாது. அதுல பெரும்பங்கு சர்க்கரை.

டப்பா எந்த வகைன்னு எப்படித் தெரிஞ்சிக்கிறது? முன்பக்கப் படத்தை விட்டுட்டுப் பின்பக்கப் பொடி எழுத்தைப் பாருங்க. அமிலத்தன்மை சீராக்கின்னு இங்கிலீஷ்ல போட்டுப் பக்கத்துல 500 அல்லது 501னு நம்பர் இருந்தா அது காரம் சேர்த்த கோகோ. 500ன்னா சோடியம் கார்பனேட் வகை, 501ன்னா பொட்டாசியம் கார்பனேட் வகை. அமெரிக்கக் காட்டுச் சாம்பல் நம்ம ஊர் டப்பால ஒரு மூணு இலக்க நம்பரா உக்காந்திருக்கு! லேபிள் இல்லாம சில்லறையா வாங்கினதுன்னா வெதுவெதுப்பான தண்ணில ஒரு ஸ்பூன் கோகோவைக் கரைச்சு ஒரு சிட்டிகை சோடா உப்பு போடுங்க. பக்கத்துலயே வெறும் தண்ணிலயும் ஒரு சிட்டிகை போட்டு ஒப்பிடுங்க. கோகோ நல்லா நுரைச்சா சாதா, பெருசா அசையலைன்னா டச்சு.

எதைக் கொடுத்து எதை வாங்கினோம்?

புளிப்பு போச்சு, நிறம் வந்துச்சு, லேசுல கரையுது. இதுக்கு விலை ஒண்ணு உண்டு. "கோகோ உடம்புக்கு நல்லது"ன்னு பேப்பர்ல எழுதறாங்களே, அந்தப் பேச்செல்லாம் ஃபிளவனால்ங்கிற சமாச்சாரத்தை வச்சுத்தான். 2008ல வெளியான ஒரு ஆய்வுல கடைல விக்கிற கோகோ பவுடர்களை அளந்து பார்த்தாங்க. சாதா கோகோவுல கிராமுக்குச் சராசரியா 34.6 மில்லிகிராம் ஃபிளவனால். ரொம்பக் காரம் சேர்த்த கோகோவுல 3.9 மில்லிகிராம். ஏறக்குறைய ஒன்பதுல ஒரு பங்கு. அந்த ஆய்வுல ஹெர்ஷி கம்பெனி ஆட்களும் இருந்தாங்கங்கிறதையும் சேர்த்துச் சொல்லிடணும். சாதா கோகோ விக்கிறவங்களாச்சே. ஆனா காரம் ஏற ஏற ஃபிளவனால் குறையும்ங்கிற வேதியியல்ல மாற்றமில்லை.

அதுக்காக டச்சு கோகோ விஷம்னு கிளம்பிடாதீங்க. கேக் யாரும் மருந்துக்குச் சாப்பிடுறதில்லை. கருப்பான, மென்மையான ருசி வேணும்னா டச்சு கோகோவுக்கு ஈடே இல்லை. என் கட்சி சின்னது: "கோகோ"ன்னு மொட்டையா எழுதினா பாதி ரெசிபிதான் எழுதியிருக்கோம்னு அர்த்தம். அடுத்த தடவை உங்க பதிவுல கேக் குறிப்பு போடுறப்போ அது சாதாவா டச்சாங்கிற ஒரு வார்த்தையையும் சேர்த்துப் போடுங்க. எங்கேயோ ஒருத்தர் வீட்டுல ஒரு கேக் எழுந்து நிக்கும்.

கொசுறு: ட்ரோஸ்டேன்னு ஒரு டச்சு கோகோ கம்பெனி. 1904 வாக்குல வந்த அவங்க டப்பால ஒரு நர்ஸ் தட்டோட நிப்பாங்க. தட்டுல ஒரு கோப்பையும் அதே கோகோ டப்பாவும். அந்த டப்பாலயும் அதே நர்ஸ், அவங்க தட்டுலயும் அதே டப்பா... இப்படிப் போய்க்கிட்டே இருக்கும். இதுக்கு ட்ரோஸ்டே விளைவுன்னே பேர் வச்சுட்டாங்க. கல்லூரில ரிகர்ஷன் சொல்லிக் கொடுத்தப்போ இந்த டப்பாவைக் காட்டியிருந்தா பாதி வகுப்பு தூங்கியிருக்காது :-)