இருந்த இடம் நீங்கிய குற்றம்: மலேசியத் தமிழர் வரலாற்றின் வழியே குற்றவியலின் சில அடிப்படைக் கருத்துகள்

ஜொகூர் மாநிலத்தின் பத்து பகாட் மாவட்டத்தில் அமைந்துள்ள ஆயர் ஈத்தாம், சாலைகள் கூடும் ஊர். கோலாலம்பூரிலிருந்து ஜொகூர் பாரு நோக்கிச் செல்லும் பழைய நெடுஞ்சாலையும், பத்து பகாட்டையும் குளுவாங்கையும் இணைக்கும் சாலையும் இங்கே சந்திக்கின்றன. தெற்கே பயணம் செய்வோர் பலர் இவ்வூரை மட்பாண்டக் கடைகளுக்காக அறிவர். அங்கிருந்து அதே நெடுஞ்சாலையில் மேலும் தெற்கே சென்றால் சிம்பாங் ரெங்கம் வரும். நீதிமன்றத்தில் குற்றம் மெய்ப்பிக்கப்படாதவர்களையும் ஆண்டுக்கணக்கில் அடைத்து வைத்திருந்த தடுப்பு முகாம் அமைந்த ஊர் அது. மக்கள் விரும்பிய திசையில் செல்லும் சந்தியும், எத்திசையும் செல்ல இயலாதவாறு மனிதரை நிறுத்தி வைத்த முகாமும் இவ்வளவு அருகருகே அமைந்திருப்பது தற்செயலே. எனினும், மலேசியத் தமிழரின் வரலாற்றைக் குற்றவியல் நோக்கில் காண முற்படுவோர்க்கு அது பொருத்தமான தொடக்கமாக அமைகின்றது.

குற்றவியல் என்னும் துறையின் முதல் வினா, ‘குற்றவாளி யார்?’ என்பதன்று, ‘குற்றம் எது?’ என்பதே. தமிழில் ‘குற்றம்’ என்னும் சொல் மிக விரிந்த பொருளுடையது. நன்னூல் ஒரு நூலுக்குரிய பத்துக் குற்றங்களைக் கூறுகின்றது. திருக்குறளின் ‘குற்றங்கடிதல்’ அதிகாரம் குடிமக்களின் குற்றங்களைப் பற்றியதன்று. ஆள்வோன் தன்னிடமுள்ள குற்றங்களை நீக்கிக் கொள்வதைப் பற்றியது. இவ்விரு வழக்குகளையும் மாணவர்க்கு விளக்கும் ஆசிரியர், சட்டம் கூறும் குற்றம் இவற்றினும் குறுகியது என்பதையும் சுட்டுதல் வேண்டும். அரசு தடைசெய்து, தண்டனை விதித்துள்ள செயலே சட்டத்தின் கண் குற்றமாகும். ஆகவே, ஒரு செயல் நேற்றுக் குற்றமாக இருந்து இன்று குற்றமல்லாது போகலாம். ஓரிடத்தில் உரிமையாக இருப்பது மற்றோரிடத்தில் குற்றமாகலாம்.

இத்தாலிய அறிஞர் பெக்காரியா 1764இல் வெளியிட்ட நூலில், தண்டனை செயலின் தீங்கிற்கேற்ற அளவினதாகவும், சட்டத்தில் முன்கூட்டியே அறிவிக்கப்பட்டதாகவும் இருத்தல் வேண்டும் என வாதிட்டார். அவரைத் தொடர்ந்தோரைச் செவ்வியல் பள்ளியினர் என்பர். ஒரு நூற்றாண்டிற்குப் பின், 1876இல், லொம்புரோசோ செயலை விட்டு ஆளை நோக்கினார். குற்றவாளிகள் பிறவியிலேயே வேறுபட்டவர்கள் என்றும், அவ்வேறுபாட்டை உடற்கூறுகளில் காணலாம் என்றும் கூறினார். அவருடைய அளவைகளை அறிவியல் பின்னர் புறந்தள்ளிவிட்டது. ஆனால், ‘செயலைத் தண்டிப்பதா, ஆளைத் தண்டிப்பதா?’ என்னும் வினா எஞ்சி நின்றது. மலாயாத் தமிழர் மீது பாய்ந்த சட்டங்களை இவ்வினாவைக் கொண்டே பகுத்தறியலாம்.

தோட்டத்தை விட்டு ஓடுதல்

மெக்காலே தலைமையில் 1837இல் வரைவு செய்யப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டம் 1860இல் நிறைவேறியது. அதனைத் தழுவிய சட்டம் நீரிணைக் குடியேற்றங்களில் 1871இல் இயற்றப்பட்டு, மறு ஆண்டு நடைமுறைக்கு வந்தது. கொலை, களவு, காயம் விளைத்தல் முதலியவற்றை அது விரிவாக வரையறுத்தது. ஆனால், தமிழ்த் தொழிலாளியை நீதிபதியின் முன் நிறுத்துவதற்கு இத்தகைய செயல்கள் தேவைப்படவில்லை. ஒப்பந்தக் கூலிகளுக்கென இயற்றப்பட்ட தொழிலாளர் சட்டங்களே அதற்குப் போதுமானவையாக இருந்தன. வேலைக்கு வராமை, வேலை செய்ய மறுத்தல், ஒப்பந்தக் காலம் முடியுமுன் தோட்டத்தை விட்டு ஓடுதல் ஆகியவை அச்சட்டங்களின்படி அபராதத்திற்கும் சிறைக்கும் உரிய குற்றங்களாயின.

இங்கே கருத வேண்டியது ஒன்றுண்டு. ஒப்பந்தம் இருவருக்கிடையில் நிகழ்வது. அதனை மீறுபவர் மற்றவர்க்கு இழப்பீடு தரவேண்டும் என்பது உரிமையியல் நெறி. வணிகர் ஒருவர் சரக்கை உரிய நாளில் அனுப்பத் தவறினால் அவரை எவரும் சிறையிலிடுவதில்லை. தொழிலாளி தவறினால் மட்டும் அது குற்றவியல் சட்டத்தின் எல்லைக்குள் வந்தது. இவ்வழக்கம் இங்கிலாந்தின் எசமானர், பணியாளர் சட்டங்களிலிருந்து பிறந்ததாகும். அந்நாட்டில் 1875ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் பணி ஒப்பந்த மீறலுக்கான சிறைத் தண்டனை நீக்கப்பட்டது. மலாயாவில் அது 1920களின் தொடக்கம் வரை நீடித்தது. தாயகத்தில் குற்றமல்லாத ஒன்று, குடியேற்றத்தில் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் குற்றமாகவே இருந்தது என்பது இதன் பொருள்.

1910இல் ஒப்பந்தக் கூலி முறை ஒழிந்தது. அதற்கு முன்னரே வேரூன்றியிருந்த கங்காணி முறையில் வந்தோர், ஒரு மாத அறிவிப்புக் கொடுத்து விலகும் உரிமை பெற்றிருந்தனர். ஏட்டளவில் அவர்கள் சுதந்திரமான தொழிலாளர்களே. ஆயினும், எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர், தம்மை ஊரிலிருந்து அழைத்து வந்து கடனும் கொடுத்த கங்காணியைத் தாண்டிச் சென்று, கிராணியின் மேசைமுன் நின்று அறிவிப்புக் கொடுப்பது எளிதன்று. அறிவிப்பின்றி நீங்கினாலோ அது ‘ஓடிப்போதல்’ ஆயிற்று. அக்காலத் தொழிலாளர் ஆவணங்களில் ‘ஓடிப்போனவர்’ என்னும் தலைப்பு ஓயாது வருவதைக் காண்போர், இது குற்றவாளிகளின் பட்டியலா அல்லது கூலியும் நடத்தையும் பிடிக்காமல் வேறு வேலை தேடியவர்களின் பட்டியலா என வினவுதல் தகும். என் கருத்தில், அது பின்னதே. இந்நாட்டுத் தமிழர் நடத்திய முதல் வேலைநிறுத்தங்களைத் தேடுவோர் இப்பட்டியல்களிலும் தேடுதல் வேண்டும்.

கைரேகையும் பெரட்டும்

இதே காலத்தில் சென்னை மாகாணத்தில் நிகழ்ந்ததையும் உடன்வைத்துக் காணவேண்டும். நீரிணைக் குடியேற்றங்களின் தண்டனைச் சட்டம் இயற்றப்பட்ட அதே 1871இல், இந்தியாவில் குற்றப் பழங்குடிகள் சட்டம் பிறந்தது. 1911ஆம் ஆண்டின் திருத்தத்திற்குப் பின் அது சென்னை மாகாணத்திலும் செயற்படுத்தப்பட்டது. தமிழ் மக்கள் அதனைக் ‘கைரேகைச் சட்டம்’ என்றனர். ஒரு சமூகத்தில் பிறந்ததே பதிவுக்குரிய காரணமாயிற்று. பதிவு செய்யப்பட்டோர் குறித்த வேளைகளில் நேர் நிற்கவும், ஊரை விட்டுச் செல்ல அனுமதிச் சீட்டுப் பெறவும் நேர்ந்தது. கைரேகை பதிய மறுத்த பிரமலைக் கள்ளர்கள் மீது 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டியை அடுத்த பெருங்காமநல்லூரில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் பதினாறுக்குக் குறையாதோர் மாண்டனர். விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் சென்னை மாகாணத்திலும் பின் இந்தியா முழுவதிலும் அச்சட்டம் நீங்கியது.

மலாயாத் தோட்டங்களில் அத்தகைய சட்டம் இருந்ததில்லை. இரண்டையும் ஒன்றெனக் கூறுதல் மிகையாகும். தோட்டத்தின் அதிகாலைப் பெரட்டு வேலைக்கு ஆளெடுக்கும் முறையேயன்றிக் காவல் துறையின் கணக்கெடுப்பு அன்று. ஆனால், இரண்டிற்கும் அடியில் ஓர் ஒற்றுமை உண்டு. ஆளைக் குறித்த இடத்தில் நிறுத்துதல், எண்ணுதல், எண்ணிக்கையில் இல்லாதவனைத் தேடிப் பிடித்தல் என்பதே அது. முன்னதில் பிறப்பும் பின்னதில் கூலியும் காரணங்களாயின. இருந்த இடத்தை விட்டு நீங்கியதே இரண்டிலும் குற்றமாயிற்று.

பிற்காலத்தை விரைந்து நோக்கலாம். 1933இல் மலாய் மாநிலக் கூட்டரசில் கட்டுப்படுத்தப்பட்ட வசிப்பிடச் சட்டம் இயற்றப்பட்டது. ஒருவரைக் குறித்த பகுதியிலேயே வாழுமாறு, வழக்கு விசாரணையின்றி ஆணையிட அது வழிவகுத்தது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு மற்றொரு கோரிக்கையையும் முன்வைத்தனர்: துரைமாரைக் கண்டவுடன் மிதிவண்டியிலிருந்து இறங்க வேண்டிய நிலை ஒழியவேண்டும் என்பது. தலைமை தாங்கிய ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். 1948இல் தொடங்கிய அவசரகாலத்திலோ, தோட்டக் குடியிருப்புகள் பலவற்றைச் சுற்றி முள்வேலி எழுந்தது.

சிம்பாங் ரெங்கம்

1957ஆம் ஆண்டின் கூட்டரசு அரசியலமைப்பு, நாடெங்கும் தடையின்றிச் செல்லவும் எப்பகுதியிலும் வாழவும் குடிமக்களுக்கு உரிமை உண்டு என ஒன்பதாம் பிரிவில் கூறுகின்றது. ஓடிப்போதல் குற்றமாயிருந்த ஒரு சமூகத்தின் வரலாற்றில் இது சிறிய செய்தியன்று. ஆனால், பொது ஒழுங்கு, பாதுகாப்பு ஆகியவற்றுக்கான சட்டங்களுக்கு அப்பிரிவு உட்பட்டதாகும். 1969 மே கலவரத்தையடுத்துப் பிறப்பிக்கப்பட்ட அவசரகாலப் பொது ஒழுங்கு, குற்றத்தடுப்பு ஆணையின்படி, ஒருவரைக் காவல் துறை 60 நாள் வரை தடுத்து வைக்கலாம். பின்னர் அமைச்சர் ஈராண்டு தடுப்புக் காவலுக்கு ஆணையிடலாம். அதனைப் புதுப்பிக்கவும் செய்யலாம். கலவரம் ஓய்ந்த பின்னும் ஆணை ஓயவில்லை. இரகசியக் கும்பல்களைச் சேர்ந்தோர் என ஐயுறப்பட்டவர்கள் மீது அது பெரிதும் பயன்பட்டது. அவர்கள் வைக்கப்பட்ட சிம்பாங் ரெங்கம் முகாமின் மலாய்ப் பெயர் ‘புசாட் பெமுலிஹான் அக்லாக்’ என்பதாகும். ஒழுக்கச் சீரமைப்பு மையம் என அதனைத் தமிழாக்கலாம். நெறிபிறழ்ந்தது ஒழுக்கம் என்றால் மெய்ப்பிக்க வேண்டிய செயல் ஏதும் இல்லை. பெக்காரியாவின் இடத்தில் லொம்புரோசோ மீண்டும் வந்தமர்ந்தார் எனலாம்.

சாட்சிகள் அஞ்சும்போது கும்பல் தலைவர்களை வேறு எவ்வாறு அடக்குவது என்பது இச்சட்டத்தை ஆதரிப்போரின் வினா. அதனை எளிதில் தள்ளிவிட முடியாது. கும்பல்களால் முதலில் துன்புறுவோரும் எளிய குடும்பத்தினரே. ஆயினும், 2005இல் அரச மலேசியக் காவல் படை பற்றிய அரச ஆணையம் இவ்வாணையை நீக்குமாறு பரிந்துரைத்தது. 1933ஆம் ஆண்டுச் சட்டத்தையும் நீக்குமாறு அது கூறியது. அச்சட்டம் 2011இல் நீங்கியது. அதே ஆண்டின் இறுதியில் நாடாளுமன்றம் அவசரகாலப் பிரகடனங்களை விலக்கிக் கொண்டதால், ஆணையும் 2012இன் நடுப்பகுதியில் வலுவிழந்தது.

2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 இரகசியக் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது. உறுப்பினர்கள் எனக் கருதப்பட்ட 40,313 பேரில் 28,926 பேர் இந்தியர் என அறிவிக்கப்பட்டது. நாட்டு மக்களில் ஏறத்தாழ 7 விழுக்காட்டினரான ஒரு சமூகத்திற்கு இவ்வெண் பேரதிர்ச்சியாக இருந்தது. இதனை வகுப்பறையில் எடுத்துரைக்கும் ஆசிரியர் இரண்டு செய்திகளை நினைவிற்கொள்ளுதல் நலம். முதலாவது, இவை ஐயத்தின் கணக்கு. நீதிமன்றத் தீர்ப்பின் கணக்கு அன்று. காவல் துறையின் பார்வை எங்குப் பதிகின்றதோ அங்கு எண் பெருகும். ‘குற்றவாளி’ என்னும் முத்திரையே ஒருவரை மீண்டும் அவ்வழியில் செலுத்தும் என்பது, ஹோவர்ட் பெக்கர் 1963இல் விரித்துரைத்த முத்திரையிடல் கோட்பாடு. இரண்டாவது, ஷா, மெக்கே ஆகிய இருவரும் 1942இல் வெளியிட்ட சிகாகோ ஆய்வு. அந்நகரின் சில வட்டாரங்களில் குடியிருந்த இனத்தார் மாறி மாறி வந்தபோதும் இளையோர் குற்றம் குறையாதிருந்தது. குற்றம் இனத்தை அன்று, இடத்தின் நிலையைப் பற்றிக்கொண்டிருந்தது என அவர்கள் முடிவு செய்தனர்.

இவ்விரண்டாம் கருத்து நம் தோட்டங்களுக்கு மிகவும் பொருந்துவது. 1970கள் முதல் தோட்டங்கள் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைகளுக்கும் கைமாறியபோது, ஒரு குடும்பம் வேலையை மட்டும் இழக்கவில்லை. லயத்து வீடு, கோயில், தமிழ்ப்பள்ளி, பிள்ளைக் கொட்டகை, ஒருவர் பிள்ளையை மற்றவர் கண்டிக்கும் அண்டை வீட்டார் ஆகிய அனைத்தும் ஒருசேர அகன்றன. ஓடிப்போவதற்காகத் தண்டிக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள், இருக்க விரும்பிய இடத்திலிருந்து வெளியேற்றப்பட்டனர். அவ்வாறு வெளியேற்றியதைக் குற்றம் எனக் கூறும் சட்டம் எதுவும் இல்லை.

1959ஆம் ஆண்டின் குற்றத்தடுப்புச் சட்டம் 2013இல் திருத்தப்பட்டு, 2014இல் நடைமுறைக்கு வந்தது. விசாரணையின்றி ஈராண்டு வரை தடுத்து வைக்கும் அதிகாரம் இதன்வழி அமைச்சரிடமன்றி ஒரு வாரியத்திடம் அளிக்கப்பட்டது. தடுத்து வைக்கப்படாமல் கண்காணிப்பில் விடப்படுவோர் குறித்த வட்டாரத்திலேயே வாழவேண்டும். அவர்கள் குறித்த நேரங்களில் காவல் நிலையத்தில் நேர் நிற்க வேண்டும். இரவில் வீட்டை விட்டு வெளிவராமலும் இருக்க வேண்டும். அவர்கள் இருக்கும் இடத்தை அறிவிக்கும் மின்னணுக் கருவியை உடலில் பொருத்தவும் சட்டம் இடமளிக்கின்றது. குளுவாங்கில் அவ்வாறு கருவி பொருத்தப்பட்ட ஓர் இளைஞர், ஆயர் ஈத்தாம் சந்தியைத் தாண்டிப் பத்து பகாட்டில் உள்ள உறவினர் வீட்டுத் திருமணத்திற்குச் செல்ல விரும்பினால், எழுத்து வடிவில் அனுமதி பெற்றாக வேண்டும்.