பிரெ-எக்ஸ் தங்க மோசடி

கனடாவின் கால்கரி நகரில் டேவிட் வால்ஷ் நடத்திய சிறு தங்க ஆய்வு நிறுவனம் பிரெ-எக்ஸ். 1993இல் போர்னியோ தீவின் இந்தோனேசியப் பகுதியிலுள்ள புசாங்கில் இறங்கியது. துளையிட்டு எடுத்த பாறை மாதிரிகளில், ஆற்று மணலில் அரித்தெடுத்த பொன்துகள் கலக்கப்பட்டது. மாதிரியில் பாதியை மறுசோதனைக்காக எடுத்துவைப்பதே சுரங்கத் துறை வழக்கம்; இங்கோ முழுவதையும் நொறுக்கிவிட்டார்கள். முதலீட்டாளர்கள் விழித்திருக்க வேண்டிய இடம் அதுதான். ஆனாலும் நிறுவனத்தின் சந்தை மதிப்பு 600 கோடி கனடிய டாலரைக் கடந்தது. 1997 மார்ச்சில் நிறுவனத்தின் நிலவியலாளர் மைக்கேல் டி குஸ்மான் ஹெலிகாப்டரிலிருந்து விழுந்து இறந்தார். மே மாதம் ஸ்ட்ராத்கோனா நிறுவனத்தின் ஆய்வு மோசடியை உறுதிசெய்தது. பங்குகள் செல்லாக்காசாயின, ஓய்வூதிய நிதிகளும் இழந்தன. இந்த மோசடியின் விளைவாக, தகுதிபெற்ற வல்லுநரின் பொறுப்பில்தான் கனிம மதிப்பீடு வெளிவர வேண்டும் என்ற 43-101 விதி, கனடாவில் 2001இல் நடைமுறைக்கு வந்தது.