எந்த வருசத்து ஒரிஜினல்? பேசாலை முற்றத்தில் ஒரு மொறிஸ் மைனர் பிக்கப்

பேசாலையில் எங்கட நண்பன் ஒருவனின் வீட்டு முற்றத்தில், வேப்பமரத்துக்குக் கீழே ஒரு மொறிஸ் மைனர் பிக்கப் நிற்கிறது. அவனுடைய அப்பப்பா ஓடிய வாகனம். பத்து வருசமாக ஆரும் ஸ்ராட் பண்ணவில்லை. போன வருசம் பார்க்க வந்த ஒருவர், "ஒரிஜினலா மாத்தித் தந்தா நல்ல விலைக்கு எடுக்கலாம்" எண்டு சொல்லிவிட்டுப் போனார். நாங்கள் நாலு பேர் சனி ஞாயிறுகளில் கூடி, பக்கத்து ஊர் மெக்கானிக் ஐயா ஒருவரையும் கூட்டிக்கொண்டு வந்து, கழற்றத் தொடங்கினோம். கழற்றக் கழற்ற ஒரு கேள்வி வந்தது. ஒரிஜினல் எண்டால் எந்த வருசத்து ஒரிஜினல்?

மொறிஸ் மைனர் பிக்கப் 1953 இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. ஏற்றக்கூடிய பாரம் கால் தொன். மொறிஸ் மைனர் காருக்குத் தனிச் சசி கிடையாது, உடம்புதான் சசி. பிக்கப்புக்குக் கீழே தனியாகச் சசி உண்டு. கடல்காற்று அடிக்கிற மன்னாரில் இது சின்ன வித்தியாசம் இல்லை. காரின் அடித்தகடு உக்கினால் வண்டியே பலவீனமாகிவிடும். பிக்கப்பின் மேல்தகட்டை வெட்டி ஒட்டிக்கொண்டு இன்னும் கொஞ்சக் காலம் ஓடலாம். கருவாடும் விறகும் ஏற்றிய வண்டி இன்னும் நிற்பதற்கு அதுதான் காரணம்.

முதலில் கழற்றியது நம்பர் பிளேட். இரண்டு இலக்கங்களுக்கு நடுவில் சிங்கள 'ஸ்ரீ'. இண்டைக்கு அதைப் பழைய காரின் அழகு எண்டு ரசிக்கிறார்கள். ஆனால் 1957 ஜனவரியில், அதுவரை இருந்த ஆங்கில எழுத்துகளுக்குப் பதிலாக இந்த எழுத்து வந்தபோது, தமிழரசுக் கட்சி அதை எதிர்த்துப் போராட்டம் தொடங்கியது. முதல் வருசம் தனிச் சிங்களச் சட்டம் வந்திருந்த நேரம் அது. தமிழ் 'ஸ்ரீ' எழுதிய பிளேட்டுகளோடு வாகனங்கள் ஓடின. 1958 மார்ச்சில் சிங்கள 'ஸ்ரீ' போட்ட அரச பஸ்கள் வடக்குக்கு வந்தபோது அந்த எழுத்தின் மேல் தார் பூசினார்கள். தெற்கில் தமிழ்ப் பெயர்ப்பலகைகள் மேல் தார் ஏறியது. ஏப்ரலில் பண்டா–செல்வா ஒப்பந்தம் கிழிந்தது. மே மாதம் கலவரம். எங்கட பிளேட்டில் தார் எதுவும் இல்லை, வெறும் துரு மட்டும்தான். ஆனாலும் அதைத் தேய்க்கும்போது கை கொஞ்சம் நின்றது.

பிறகு பொனற். உள்ளே இருப்பது மொறிஸ் எஞ்சின்தான், ஆனால் அதில் பாதி உள்ளூரில் செய்தது. 1960களில் அந்நியச் செலாவணி இல்லாமல் வாகன இறக்குமதி இறுகியது. 1977 இல் பொருளாதாரம் திறக்கும்வரை, இருந்ததைத் திருத்தி ஓடுவதுதான் வழி. புஷ் தேய்ந்தால் லேத்தில் கடைந்தார்கள். லேத்தும் வெல்டிங்கும் தெரிந்த ஒரு தலைமுறை இப்படித்தான் உருவானது. அவர்களுடைய பெரிய சோதனை பிறகுதான் வந்தது.

1990 ஜூனில் போர் திரும்பத் தொடங்கிய பிறகு, புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளுக்குப் பெற்றோல், பற்றரி, சீமெந்து எல்லாம் தடை. அப்பப்பா அப்போது மன்னார்ப் பெருநிலத்தில் இருந்தார். பொனற்றுக்குள்ளே அரை லீற்றர் தகரத் தாங்கி ஒன்றும், ஒரு ராப்பும் பூட்டியிருக்கிறது. சின்னத் தாங்கியில் பெற்றோல், பெரிய தாங்கியில் மண்ணெண்ணெய். மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் ஆவியாகாது. அதனால் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடானதும் ராப்பைத் திருப்ப வேண்டும். நிற்பாட்ட முதல் மறுபடி பெற்றோலுக்கு மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த நாள் தள்ளித்தான் போகலாம். பழைய எஞ்சின்களின் அழுத்த விகிதம் 7, 8 அளவில்தான் இருந்தது. அதனால் மண்ணெண்ணெயை ஓரளவு தாங்கின. கூடிய அழுத்தத்தில் வேலை செய்யும் புது எஞ்சின் எண்டால் தட்டத் தொடங்கிவிடும். இதற்கும் விலை இருந்தது. எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி எஞ்சின் ஓயிலை நீர்த்துப்போகச் செய்யும், பிளக்கில் கரி பிடிக்கும். பிரிட்டனில் ஃபேர்கஸன் உழவு இயந்திரங்களை இதே முறையில் ஓடுவதற்கெண்டே தொழிற்சாலையில் செய்து விற்றார்கள். இங்கே அதைத் தகரத்தாலும் ராப்பாலும் செய்தார்கள்.

அதே 1990களில், இதே தீவின் தெற்கில், இங்கிலாந்தின் பாத் நகரத்து சாள்ஸ் வேர் என்பவரின் கூட்டு முயற்சியில் மொறிஸ் மைனர் உதிரிப்பாகங்கள் செய்து பிரிட்டனுக்கு அனுப்பினார்கள். ஒரே வாகனம், ஒரே நாடு. ஒரு பக்கம் ஏற்றுமதி, மறுபக்கம் மண்ணெண்ணெய்.

இதுவரை சொன்னதைப் பெருமையாகச் சொல்லலாம். அடுத்ததை அப்படிச் சொல்ல முடியாது. பின் அக்சில் இந்த வண்டிக்குரியது இல்லை. "இது எங்கால ஐயா?" எண்டு கேட்டோம். மெக்கானிக் ஐயா கையைத் துடைத்துக்கொண்டு, "அந்த நேரம் கிடைச்சது" எண்டார். ஆரிட்டக் கிடைச்சது எண்டு கேட்க, அவர் ஒன்றும் சொல்லவில்லை.

1990 ஒக்டோபர் கடைசியில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். எருக்கலம்பிட்டி, தாராபுரம் போன்ற ஊர்ச் சனம் வள்ளங்களில் கற்பிட்டிப் பக்கம் போனது. வீடு, கடை, வாகனம் எல்லாம் பின்னால் நின்றன. எங்கட அக்சில் அப்படி நின்ற ஒரு வாகனத்தினுடையது எண்டு எங்களால் சொல்ல முடியாது. இல்லை எண்டும் சொல்ல முடியாது. "எங்கட ஆக்கள் கெட்டிக்காரர், இருந்ததை வைச்சு ஓடினவை" எண்டு சொல்லும்போது, அந்த 'இருந்தது' ஆருடையது எண்டும் கேட்கத்தானே வேண்டும்.

2002 இல் தடை நீங்கிப் பாதை திறந்தபோது, அப்பப்பா உயிலங்குளம் தாண்டித் தீவுக்கு வந்துவிட்டார். வண்டி தப்பியது அதனால்தான். 2008 இல் பெருநிலத்துச் சனம் உழவு இயந்திரங்களிலும் லான்ட்மாஸ்ரர்களிலும் சாமான் ஏற்றிக்கொண்டு கிழக்கே நகர்ந்தது. அந்த வாகனங்கள் ஏராளமாக முள்ளிவாய்க்கால் மணலில் கருகிக் குவிந்து கிடந்தன.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மறுபடி நின்றது. 2022 இல் நாடு முழுக்கப் பெற்றோல் வரிசை. அந்த வருசம் ஓகஸ்டில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறியது. எங்கட கரையில் வள்ளங்கள் தொழிலுக்குப் போகாமல் நின்றன. எங்கட தலைமுறை வரிசையில் நின்றுதான் அப்பப்பாவின் ராப்பை விளங்கிக்கொண்டது.

கடைசியில் நாங்கள் எடுத்த முடிவு இது. உயிருக்கு ஆபத்தானதை மாற்றுகிறோம். பிரேக் குழாய்கள் புதிது. வயரிங் முழுக்கப் புதிது. இந்த வண்டிகளில் பற்றரியின் நேர்முனைதான் உடம்போடு பூட்டியிருக்கும். அதை மறைமுனைக்கு மாற்றி, டைனமோவுக்குப் பதிலாக ஓல்ரனேற்றர் போடுகிறோம். தகரத் தாங்கியையும் ராப்பையும் கழற்றவில்லை. விலை குறைந்தால் குறையட்டும். அக்சிலும் அப்படியே இருக்கும். சீ.ஆர். புத்தகத்தோடு ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். எந்தப் பாகம் எப்போது, எங்கிருந்து, ஆர் பூட்டியது எண்டு எழுதுகிறோம். அக்சிலுக்கு நேரே 'ஆருடையது எண்டு தெரியாது, 1990க்குப் பிறகு' எண்டு எழுதியிருக்கிறோம்.

உங்கட வீட்டு முற்றத்திலும் இப்படி ஒன்று நிற்கலாம். பழைய இரும்புக்குப் போட முதல், அதை ஓடினவையிட்ட, திருத்தினவையிட்ட ஒருக்காக் கேளுங்கோ. சொல்லுறதை எழுதி வையுங்கோ. அவை சொல்லாமல் விடுகிற இடத்தையும் சேர்த்து.